செரிமானத்துக்குத் தியானம்: சில ஆண்டுப் பழக்கத்தில் கண்டது

தியானம் வயிற்றுக்குக் கேட்குமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி விசாரிப்பதால், சில ஆண்டுகளாகப் பழகியதில் கண்டதை எழுதுகிறேன். அவசரத்தாலும் கவலையாலும் வரும் கோளாறுக்கு நன்றாகவே கேட்கிறது. பாலாலும் அகால உணவாலும் வரும் கோளாறுக்குக் கேட்கவில்லை.

மன்னார்குடிப் பக்கம் விதையும் உரமும் விற்கும் கடை என்னுடையது. மேட்டூர் அணை திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டால், குறுவையில் தொடங்கிச் சம்பா நடவு முடியும் வரை மதியச் சாப்பாடு மாலை நான்கு மணிக்குத் தள்ளிப்போகும். அதுவும் ஒரு கையில் யூரியா பில்லை வைத்துக்கொண்டு மறுகையால் அள்ளிப் போட்டுக்கொள்வதாகவே இருக்கும். மேல் வயிற்றில் கல் வைத்தாற்போன்ற கனம், உப்புசம், ஓயாத ஏப்பம் ஆகிய மூன்றும் அந்த மாதங்களில் என்னை விட்டதில்லை. மருத்துவர் எண்டோஸ்கோபி எடுத்துப் பார்த்துப் புண் இல்லை, புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியும் இல்லை என்ற பிறகே தியானத்தைப் பற்றி யோசித்தேன். இந்த வரிசை முக்கியம். இரைப்பைப் புண்ணுக்குக் கவலைதான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, அந்தக் கிருமியைக் கண்டறிந்து காட்டிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். கிருமிக்கு மாத்திரைதான் தீர்வு. கண்ணை மூடி உட்கார்ந்தால் அது போகாது. மலம் கறுத்துப் போவது, காரணமின்றி எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது ஆகியவை இருப்பவர்கள் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போவது நல்லது.

மனத்துக்கும் இரைப்பைக்கும் உள்ள தொடர்பு கற்பனை அன்று. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1890களின் இறுதியில் பூனைகளின் இரைப்பை அசைவை எக்ஸ்-ரே மூலம் கவனித்தபோது, பூனை மிரண்டாலோ சீறினாலோ அந்த அசைவு நின்றுபோவதைக் கண்டார். மூளையின் அடிப்பகுதியிலிருந்து இதயம், இரைப்பை, குடல் வரை இறங்கும் வேகஸ் நரம்பு அமைதியான வேளையில் செரிமானத்தை முடுக்குகிறது. பதற்றத்தில் அதன் பிடி தளர்கிறது. மூச்சை மெதுவாக, குறிப்பாக வெளிமூச்சை நீட்டி விடும்போது, அந்த நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்று இறங்குவதை நாடியில் விரல் வைத்தே உணரலாம்.

திருமூலர் சமாதி கொண்டதாகச் சொல்லப்படும் திருவாவடுதுறை எங்களுக்குப் பேருந்தில் போய்வரும் தூரம்தான் என்றாலும், நான் செய்வதை யோகம் என்று சொல்லத் துணியமாட்டேன். கடையின் பின்னறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வேட்டி முடிச்சைச் சற்றுத் தளர்த்தி, தொப்புளுக்கு மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். நான்கு எண்ணும் வரை உள்ளிழுப்பது, ஆறு எண்ணும் வரை விடுவது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். கை உயர வேண்டும், மார்பு உயரக் கூடாது. மனம் கடன் பாக்கிக்கு ஓடினால் திரும்பக் கைக்குக் கொண்டுவர வேண்டும். பத்து நிமிடம் ஆனதும் தூக்குப் பாத்திரத்தைத் திறப்பேன். இதைச் சாப்பாட்டுக்கு முன்புதான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உண்ட பின் ஆழ்ந்து மூச்சிழுத்தால் நிறைந்த வயிறு முட்டுகிறது, பாதியில் தூக்கமும் வந்துவிடுகிறது.

முதலில் குறைந்தது ஏப்பம். அள்ளி விழுங்கும்போது சோற்றோடு காற்றும் உள்ளே போவதால் வருவது அது; பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுச் சாப்பிடுபவனுக்கு அப்படி விழுங்கத் தோன்றுவதில்லை. ஆகவே பலனில் எவ்வளவு மூச்சினுடையது, எவ்வளவு மென்று தின்றதினுடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. மேல் வயிற்றுக் கனம் குறைய ஒரு போகம் முழுவதும் ஆயிற்று. இன்னொன்றும் உண்டு: கூட்டும் ரசமும் மோரும் வரிசையாக வருவதற்குள் போதும் என்ற உணர்வு வந்துவிடுகிறது. முன்பெல்லாம் இலையை மடித்த பிறகுதான் அது தெரியும்.

கேட்காதவற்றுக்கு வருகிறேன். பால் பாயசம் சாப்பிட்டால் இன்றும் வயிறு பொருமுகிறது. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைவாக உள்ள உடலுக்கு எத்தனை மூச்சு விட்டும் அது சுரந்துவிடாது. உறையும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் தின்றுவிடுவதால் மோர் ஒத்துக்கொள்கிறது. இரவு கணக்கு முடித்துப் பத்து மணிக்கு வத்தக்குழம்பு சாப்பிட்டுப் படுத்தால் வரும் எதுக்களிப்பும் தியானத்தால் போகவில்லை; எட்டு மணிக்கே சாப்பிடத் தொடங்கியபோதுதான் போயிற்று. மலச்சிக்கலுக்கும் தண்ணீரும் கீரையும் செய்ததில் கால்வாசியைக்கூடத் தியானம் செய்யவில்லை.

சந்தா கட்டும் தியானச் செயலி ஒன்றையும் சில காலம் வைத்திருந்தேன். அதில் பேசும் குரல் இனிமையாக இருந்தாலும் பசி வேளையில் பேச்சே இடைஞ்சலாகப் பட்டதால் நீக்கிவிட்டேன். கைபேசியிலுள்ள டைமரே போதுமாக இருக்கிறது. நடவு உச்சத்தில் பத்து நிமிடம் கிடைக்காத நாளில் பாத்திரத்தைத் திறக்கும் முன் ஆறு மூச்சு மட்டும் விடுகிறேன். பலன் குறைவுதான் என்றாலும் ஏப்பத்துக்கு அதுவே போதுகிறது.