விலகிச் சாய்ந்த கால் பெருவிரல்: தசைநாண் மாற்றமா, மூட்டு இணைப்பா?

பெருவிரலின் அடியில் எலும்பு துருத்தும் புடைப்புக்கு (bunion) அறுவை செய்தபின் பெருவிரல் மற்ற விரல்களை விட்டு விலகிச் சாய்ந்தால், ஒரு தசைநாணை இடம் மாற்றிக் கட்டி விரலை நேராக்குவதா (மாற்றம்), அடிமூட்டின் எலும்புகளை ஒட்டவைப்பதா (இணைப்பு) என்ற குழப்பம் வரும்.

அசைவு: மாற்றத்தில் அடிமூட்டு அசையும், ஆனால் முன்புபோல் முழுமையாக அல்ல. இணைப்பில் அசையாது.

நீடிப்பு: மாற்றிய தசைநாண் ஆண்டுகள் போகத் தளர்ந்தால் சாய்வு திரும்பும், அதிகம் இறுக்கினால் விரல் புடைப்பு இருந்தபோதுபோல மற்ற விரல்கள் பக்கமே சாயும். மாற்றத்துக்கு விரலை மேல்நோக்கி நீட்டும் தசைநாணை முழுதாக எடுத்தால் விரல்நுனி தொங்கும், நுனிமூட்டை இணைக்க வேண்டிவரும். பிளந்து பாதி எடுத்தால் அந்தத் தொல்லை குறைவு. எலும்பு ஒட்டிய இணைப்பு அசையாமல் நிற்கும். புகைபிடிப்பவர்களுக்கு ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம். பிற்பாடு நுனிமூட்டு தேயலாம்.

செருப்பு: இணைத்த விரலுக்கு உயரக் குதிகால் ஒத்துவராது.

கையால் தள்ளினால் நேராகிற, எக்ஸ்ரேயில் தேய்மானமில்லாத விரலுக்கு மாற்றமே முதலில். தோற்றாலும் பிறகு இணைக்கலாம். விறைத்த, தேய்ந்த மூட்டில் தசைநாண் மாற்றம் வீண்வேலை.