டிகிரிக்குப் பிறகு குவாண்டம்: கிரிஃபித்ஸா, ஷங்கரா, ஃபெய்ன்மனா?

சேலத்தில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, வேலைக்குப் போய்க்கொண்டே மறுபடி படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது, அணு அளவிலான உலகத்தின் இயற்பியலான குவாண்டம் மெக்கானிக்ஸில்தான். பத்து மார்க் டெரிவேஷனாக மனப்பாடம் செய்து எழுதியதை இப்போதாவது புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை நியாயமானது. சந்தேகம் கேட்கப் பக்கத்தில் வாத்தியார் இல்லை. அதனால் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட கிரிஃபித்ஸ், ஷங்கர், ஃபெய்ன்மன் ஆகிய மூவரின் பாடநூல்களில் எது கைகொடுக்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

கிரிஃபித்ஸ் சுற்றி வளைப்பதில்லை. ஆரம்பத்திலேயே குவாண்டத்தின் அடிப்படைச் சமன்பாடான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கொடுத்துவிட்டு, அதை வைத்து என்ன செய்யலாம் என்று இறங்கிவிடுகிறார். கணக்குகளுக்கு நட்சத்திரக் குறி உண்டு. ஒரு நட்சத்திரம் என்றால் கட்டாயம் போட வேண்டியது, மூன்று என்றால் ரொம்பக் கடினம். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு வந்து சேர்பவருக்கு இந்தக் குறி பெரிய உதவி. ஒற்றை நட்சத்திரக் கணக்குகளை மட்டும் விடாமல் போட்டாலே அத்தியாயம் பிடிபட்டுவிடும். ஆனால் பின்பக்கத்தில் விடை கிடையாது.

ஷங்கர் இதற்கு நேர் எதிர். முதல் அத்தியாயம் முழுக்கக் கணிதம்: வெக்டார் ஸ்பேஸ், ஐகன் வேல்யூ, டிராக் குறியீடு. அப்புறம் கிளாசிக்கல் மெக்கானிக்ஸ். குவாண்டத்தின் அடிப்படை விதிகள் நாலாவது அத்தியாயத்தில்தான் வருகின்றன. அதுவரை பொறுக்க முடியாமல் மூடி வைத்துவிட வாய்ப்பு அதிகம். பொறுத்தவருக்கு அஸ்திவாரம் ஆடாது. தேர்ந்தெடுத்த சில பயிற்சிகளுக்குக் கடைசியில் விடையும் இருக்கிறது.

இரண்டிலும் ஹார்மோனிக் ஆஸிலேட்டரை, அதாவது ஸ்பிரிங்கில் கட்டியது போல முன்னும் பின்னும் ஆடும் துகளை, எடுத்துப் பாருங்கள். கல்லூரியில் நாம் ஹெர்மைட் பாலினோமியலோடு மல்லுக்கட்டிய அதே பாடம். கிரிஃபித்ஸ் முதலில் ஒரு ஆற்றல் நிலையிலிருந்து அடுத்ததற்கு ஏற்றி இறக்கும் ஏணி ஆபரேட்டர்களைக் காட்டி, ஒரு படி ஏறினால் ஆற்றல் ħω என்ற அளவு கூடும் என்று நாலைந்து வரிகளில் முடிக்கிறார். சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்கும் நீளமான பவர் சீரிஸ் வழி அதற்குப் பிறகுதான். ஷங்கர் அந்த நீளமான வழியில் முதலில் நடத்திக் கூட்டிப்போய், அதன் பிறகே ஆபரேட்டர் வழியைத் திறக்கிறார். முதல் முறை படிப்பவருக்கு கிரிஃபித்ஸின் வரிசையே நல்லது என்பேன்.

ஃபெய்ன்மன் 1961 முதல் 1963 வரை அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் நடத்திய பாடங்கள் மூன்று தொகுதிகளாக உள்ளன, மூன்றாவது குவாண்டம். கால்டெக் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் அத்தியாயங்களுக்குள் கணக்குகள் இல்லை. படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். பேனாவை எடுத்தால் கை ஓடாது. அதனால் நாமே கணக்கை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். முதல் தொகுதியின் 40ஆவது அத்தியாயம், உயரம் கூடக் கூடக் காற்று எப்படி மெலிகிறது என்பதில் தொடங்கி, ஆற்றல் கூடிய நிலையில் துகள்கள் எவ்வளவு குறைவாக இருக்கும் என்று சொல்லும் போல்ட்ஸ்மன் விதிக்கு வருகிறது. சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அவர் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டால், மலைமேல் காற்றழுத்தம் சுமார் 13 சதவீதம் குறைவு என்று வரும். அந்தச் சூத்திரம் மேலும் கீழும் ஒரே வெப்பநிலை என்று எடுத்துக்கொள்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியவருக்கு அது எவ்வளவு உண்மை என்று தெரியும். அந்த வித்தியாசத்தையும் சேர்த்துத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

லாண்டாவ், சக்குராய் போன்றவர்களின் மேல்நிலைப் புத்தகங்கள் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கிரிஃபித்ஸ் வாங்குங்கள். அதன் மூன்றாம் அத்தியாயத்தில் கணிதம் தடுமாறினால், ஷங்கரின் முதல் அத்தியாயத்தை மட்டும் நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டுத் திரும்புங்கள். பாடம் நடத்த ஒரு குரல் வேண்டும் என்றால், ஐஐடி மெட்ராஸில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் குவாண்டம் வகுப்புகள், ஐஐடிகளின் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லில் இலவசமாகக் கிடைக்கின்றன.