உப்புக் காற்றில் ஒரு தொடுதிரை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் இடையிலுள்ள கடலோரக் கிராமமொன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். முன்னாள் மாணவர்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாய் திரட்டி, 75 அங்குலத் தொடுதிரைப் பலகை ஒன்றை எங்கள் வகுப்பறையில் பொருத்தித் தந்தார்கள். ஒரு கல்வியாண்டு முழுவதும் அதனோடு பழகிய பிறகு, இதே கடற்கரையில் இத்தகைய பலகையை வாங்க எண்ணும் பள்ளிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாதங்கள் கரும்பலகையில் எழுதி வந்ததையே திரையில் எழுதினேன். இடையிடையே காணொலி ஓட்டினேன். பிள்ளைகள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பாய்மங்கள்' பாடம் வந்தபோதுதான் திரையை அவர்கள் கையில் கொடுத்தேன்.

அதற்கு உதவியது பலகையோடு வந்த மென்பொருள் அன்று. இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001இல் பெற்ற கார்ல் வீமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தின் பாவனைச் சோதனைகளைப் பயன்படுத்தினேன். அவை கட்டணமில்லாதவை, வீட்டில் தரவிறக்கி பென்டிரைவில் கொண்டுவந்தால் இணையம் இல்லாமலும் இயங்கும். மரக்கட்டையையும் செங்கல்லையும் விரலால் இழுத்துத் தண்ணீரில் விடலாம், திரவத்தை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் என்ன நடக்கும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே திரையைத் தொட வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன். தாம் எழுதியது பொய்யாகும்போது அவர்களுக்குள் எழும் வாதத்தைப் போன்ற பாடத்தை என்னால் நடத்த இயலாது.

அடர்த்தி மிகுந்த திரவத்தில் கட்டை மேலெழுந்ததும், வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், எங்க அளத்துல தண்ணியில மிதக்கவிட்டு டிகிரி பாப்பாங்களே, அதுவும் இதுதானே?" என்று கேட்டாள். அது திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் குழாயான திரவமானி என்பதைச் சொன்னேன். அவள் சொன்ன டிகிரி, அடர்த்தியைக் குறிக்கும் பாமே என்னும் அளவு. கடல்நீரில் ஏறத்தாழ 3 காட்டும் அது, பாத்தியில் நீர் வற்றி 25ஐ நெருங்கும்போது உப்பு விளையத் தொடங்குகிறது. உவர்நீர் அடர அடரக் குழாய் மேலெழுகிறது. மறுநாள் தந்தையிடம் கேட்டு அதைக் கொண்டுவந்தாள். வாளியில் நல்ல தண்ணீரையும் உப்புக் கரைசலையும் வைத்து, திரைக்கும் வாளிக்குமாக நடந்து, அந்தப் பாடத்தை நடத்தியவள் அவள்தான்.

இனிக் குறைகள். எங்கள் பலகை, சட்டத்தின் ஓரங்களிலிருந்து பாயும் அகச்சிவப்புக் கதிர்களை விரல் மறிப்பதைக் கொண்டு தொடுகையை அறிகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நுண்மணலும் உப்புப் படிவும் அந்த ஓரங்களில் அடைந்து, யாரும் தொடாமலே கோடு விழுகிறது. ஜன்னல் வெயில் நேராகப்பட்டாலும் இதே தொல்லை. நாள்தோறும் காலையில் உலர்ந்த மென்துணியால் சட்டத்தைத் துடைப்பதை மாணவர் முறைப்பணியாக்கிய பின் இது பெரிதும் குறைந்தது. யுஎஸ்பி துளைகளில் ஆறே மாதத்தில் துரு ஏறியது. உடன் வந்த மென்பொருளின் தமிழ்க் கையெழுத்து அறிதல் ரகர றகரத்தில் தடுமாறியதால் அதைக் கைவிட்டேன். பழுது பார்ப்பவர் மதுரையிலிருந்து வர 12 நாட்கள் ஆயின.

எனினும், மாணவர் கைக்குத் திரையை விட்டுக்கொடுக்க ஆசிரியர் ஆயத்தமாக இருந்தால் மட்டும் இதை வாங்குங்கள் என்பேன். எழுதவும் படம் காட்டவும் என்றால் புரொஜெக்டரே போதும். வாங்குமுன் உப்புக் காற்றால் ஏறும் துரு உத்தரவாதத்தில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். திரட்டிய தொகையில் ஒரு பங்கை இன்வெர்ட்டருக்கும் மூடுறைக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். நாங்கள் ஒதுக்காததால், மின்சாரம் போகும்போதெல்லாம் திரையின் முன் நின்ற பிள்ளை பாதிச் சோதனையில் இடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது.