ஏரிக்கரை ரீஸ்லிங்கா, கடற்கரை மெர்லோவா?

நியூயார்க் ஒயின் என்று பொதுவாகச் சொல்வதே எனக்கு உறுத்தும். ஃபிங்கர் லேக்ஸ் என்ற ஏரிப் பகுதியும் லாங் ஐலண்ட் என்ற தீவும் ஒரே மாநிலம்தான், ஆனால் ஒன்றில் நன்றாக வருவது மற்றதில் வராது.

ஃபிங்கர் லேக்ஸ் பக்கம் பனியாறுகள் தோண்டிவிட்டுப் போன 11 நீளமான ஏரிகள் இருக்கின்றன. குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ஐரோப்பிய ரகங்களின் மொட்டு கருக ஆரம்பித்துவிடும், அதனால் அந்த ரகங்கள் அங்கே பிழைக்காது என்றே ரொம்ப காலம் நம்பினார்கள். 1951இல் அமெரிக்கா வந்த, உக்ரைனில் பிறந்த திராட்சை ஆய்வாளர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க் இதை ஏற்கவில்லை. உக்ரைன் குளிரில் வளரும் கொடி, பொருத்தமான வேர்ச்செடியில் ஒட்டுப்போட்டால் இங்கே மட்டும் ஏன் வளராது என்பது அவர் கட்சி. 1962இல் கியூகா ஏரிக்கரையில் சொந்தமாக ஒயின் ஆலையே தொடங்கிவிட்டார். இந்தப் பகுதிக்குத் துணை நிற்பது ஏரிகள்தான். உதாரணமாக, பக்கத்திலுள்ள செனிகா ஏரி சுமார் 188 மீட்டர் ஆழம், முழுசாக உறைவது அபூர்வம், கோடையில் வாங்கிய சூட்டைக் குளிர்காலத்தில் கரைச் சரிவுகளுக்கு மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். அப்படியும் இலையுதிர்காலத்தில் ஒட்டு இருக்கும் இடத்தை மண் அணைத்து மூடி, வசந்தத்தில் அந்த மண்ணை மறுபடி விலக்கிவிடுகிறார்கள். அந்தப் பாடுக்குக் கிடைக்கும் பலன்தான் எலுமிச்சைப் புளிப்போடு நாக்கில் சுரீரென்று ஏறும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். இனிப்பே இல்லாததிலிருந்து தேன் மாதிரி இனிப்பது வரை கிடைக்கும், வாங்கும் முன் லேபிளைப் பாருங்கள்.

லாங் ஐலண்ட் கதை சின்னது: 1973இல் ஹார்கிரேவ் தம்பதி கட்சாக் என்ற ஊரில் ஒரு பழைய உருளைக்கிழங்குப் பண்ணையை வாங்கித் திராட்சை நட்டார்கள். கடல் சூழ்ந்த மணல் கலந்த மண், தண்ணீர் தேங்காது, பழுக்கும் காலமும் நீளம், அதனால் மெர்லோ என்ற சிவப்பு ஒயின் திராட்சை நன்றாகப் பழுக்கிறது. தொல்லை வேறு ரகம்: ஈரப்பதத்தில் பூஞ்சை, அறுவடை நேரத்தில் புயல், போதாததற்குப் பறவைகள், அதற்கு வலை வேறு கட்ட வேண்டும். நிலத்தின் விலையும் அதிகம், அது புட்டி விலையில் தெரியும்.

இரண்டும் நேருக்கு நேர் மோதுவது கேபர்னே ஃப்ராங்க் என்ற சிவப்பு ஒயின் ரகத்தில். ஏரிக்கரையில் அது மெலிதாக, மிளகு வாசத்தோடு வரும், கடற்கரையில் சதைப்பற்றாக. இதில் மட்டும் என் ஓட்டு லாங் ஐலண்டுக்கு. மற்றபடி நான் ரீஸ்லிங் கட்சி.

ஹட்சன் பள்ளத்தாக்கில் 1839இல் தொடங்கிய பிரதர்ஹுட் ஆலை இருக்கிறது, சரித்திரம் பிடித்தவர்கள் போகலாம். ஈரி ஏரிப் பக்கம் கான்கார்ட் திராட்சைதான் அதிகம், பெரும்பாலும் ஜூஸுக்குப் போய்விடும்.

அப்புறம் ஒன்று, நியூயார்க் நகரத்திலிருந்து ஒரே நாளில் போய்வர லாங் ஐலண்ட் வசதி. ஃபிங்கர் லேக்ஸ் காரில் நான்கைந்து மணி நேரம், ராத்திரி தங்கித்தான் ஆகணும். லாங் ஐலண்ட் சிவப்பு ஒயின் வாங்கினால் புட்டியில் உள்ள ஆண்டைக் கவனியுங்கள், அறுவடையில் மழை கொட்டிய ஆண்டு என்றால் பேசாமல் அந்தக் காசுக்கு ரீஸ்லிங்கே வாங்கிக்கொள்ளலாம்.