ஏலத்தில் பழைய ஹெரால்டு கார் எடுத்து ஏமாந்தேன், பார்த்து வாங்குங்கள்

பழைய கார் ஏலங்களை ஆன்லைனில் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. கோடிக்குப் போகும் வண்டிகள் பக்கம் போவதில்லை. மூன்று லட்சத்துக்குள் என்ன வருகிறது என்றுதான் தேடுவேன். பத்மினி, காண்டசா, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மூன்றில் மனசு நின்றது ஹெரால்டில்தான். நம் சென்னையில் தயாரான கார். மட்கார்டோடு சேர்ந்து பேனட் முழுசாக முன்னால் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் வேலை பார்க்கலாம்.

மாசி மாதம் ஒரு 1970 மாடல் ஏலத்துக்கு வந்தது. ஒரே ஓனர், முழுக்க ரெஸ்டோர் செய்தது என்று போட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தி எடுத்த படங்கள், பளபளவென்று இருந்தது. அடிப்பக்கத்துக்கு ஒரு படம்கூட இல்லை. ஆர்.சி. படத்தில் பெயரையும் நம்பர்களையும் மறைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள், நம்பிவிட்டேன். விற்பவரிடம் போனில் பேசியபோது, "பேர் மாத்துற 29, 30 ரெண்டு ஃபார்மிலயும் ஓனர் கையெழுத்து ரெடியா இருக்கு சார். ஐம்பது வருஷம் தாண்டின வண்டி, விண்டேஜ் வண்டிக்குத் தர்ற வி.ஏ. நம்பரே எடுத்துக்கலாம்" என்றார். 2,40,000 ரூபாய்க்கு எனக்கு விழுந்தது. கமிஷன் தனி. நேரில் போய்ப் பார்க்காமலே பணத்தை அனுப்பினேன்.

வண்டி லாரியில் வந்து இறங்கியது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவின் கீழ்ப்பக்கம் வைத்தார். ஒட்டாமல் தரையில் விழுந்தது. இரண்டு விரல் தள்ளி வைத்தார், அங்கேயும் விழுந்தது. "தம்பி, இது தகரம் இல்ல, ஓட்டையை அடைக்கப் பூசின பட்டி." ஹெரால்டுக்குச் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். அதில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், உள்ளே போய்விட்டது. புதுக் கறுப்புப் பெயின்டுக்கு அடியிலிருந்து துரு பொலபொலவென்று கொட்டியது.

இதையாவது செலவு செய்து சரிபண்ணிவிடலாம். எஞ்சின் பிளாக்கில் இருந்த நம்பர் ஆர்.சி.யில் இருந்த நம்பர் இல்லை. ஆர்.சி. விலாசத்தைத் தேடிப் போனேன். மகன் வந்து கதவைத் திறந்தார். "அப்பா தவறி ஆறு வருஷம் ஆச்சுங்களே" என்றார். என் கையில் இருந்த ஃபார்மில் அவர் அப்பா போன மாதத் தேதியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! ஓனர் இறந்துவிட்டால் வாரிசுகள் இறப்புச் சான்றிதழோடு ஃபார்ம் 31 கொடுத்து முதலில் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அப்புறம்தான் விற்க முடியும்.

வி.ஏ. நம்பர் கதையும் அப்படித்தான். 2021-ல் வந்த விதி அது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். அது கிடைத்தாலும் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், சர்வீஸ் மாதிரி தேவைக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளோடு மாமல்லபுரம் போகலாம் என்று இருந்தவன் நான். இதை யாரும் சொல்லவில்லை.

விற்றவர் போனை எடுப்பதில்லை. ஏலம் நடத்தியவர்கள், இருக்கும் நிலையில்தான் விற்பனை என்று விதிமுறையைக் காட்டுகிறார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். போலீசிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இதை இன்றைக்கே எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று ராத்திரி ஒரு வெள்ளை பத்மினி ஏலத்துக்கு வந்திருக்கிறது. அதே வேப்பமரம், பின்னால் அதே பூச்சு பெயர்ந்த சுவர், ஆர்.சி.யில் அதே மறைப்பு. ஞாயிறு இரவு ஏலம் முடிகிறது. அதில் கண் வைத்திருப்பவர்கள், ஓனரோடு வீடியோ காலில் பேச வேண்டும் என்று முதலில் கேளுங்கள். மறைக்காத ஆர்.சி.யையும் அடிப்பக்கப் படத்தையும் கேளுங்கள். தராவிட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.