வேலைக்கு ஆள் எடுக்க இனம் பார்க்கலாமா? மூன்று வழிகளும் என் தேர்வும்

சிங்கப்பூரில் வேலை தேடும் நம் இளையர்களிடம் பேசினால், இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. இனத்தை அறவே மறைத்துவிடுவதா, இன ஒதுக்கீடு கேட்பதா, பாகுபாட்டைச் சட்டத்தால் தடுப்பதா?

மறைப்பதில் இருந்து தொடங்குவோம். பெயர், படம், இனம் மூன்றையும் எடுத்துவிட்டு விண்ணப்பத்தைப் பார்க்கும் முறை இது. முதல் சுற்றுக்கு நல்லதுதான். ஆனால் பெயரை நீக்கினாலும், தாய்மொழிப் பாடம் தமிழ் என்ற வரி இருக்கும். சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தில் செய்த தொண்டூழியம் இருக்கும். பள்ளியின் இந்திய நடனக் குழு இருக்கும். அவற்றையும் நீக்கச் சொன்னால் அந்தப் பிள்ளை உழைத்துச் சேர்த்தது எல்லாம் போய்விடும். அப்புறம் நேர்முகத்தில் முகம் தெரியத்தானே போகிறது?

அடுத்தது ஒதுக்கீடு. மலேசியா 1971இல் புதிய பொருளியல் கொள்கையோடு இந்தப் பாதையில் போனது. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடு பலருக்கு நினைவுக்கு வரும். அது சாதி அடிப்படையிலானது, அதன் வரலாறே வேறு. இங்கும் அரசு இனத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று சொல்ல முடியாது. 1988இல், தேர்தலில் போட்டியிடும் அணியில் சிறுபான்மையினர் ஒருவராவது இருக்க வேண்டிய குழுத்தொகுதி வந்தது, 1989இல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு இன விகிதம் வந்தது. அதை ஏன் வேலைக்கும் கொண்டுவரக் கூடாது என்று கேட்பவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கு வசிக்கும் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு. அந்த எண்ணை நிறுவனங்களுக்கு விதித்தால், நம்மவர்கள் அதைவிட அதிகமாக இருக்கும் இடங்களில் "போதும், உங்கள் பங்கு நிறைந்துவிட்டது" என்று சொல்ல வழி பிறக்கும். தவிர, "இந்தியர்" என்ற கட்டத்துக்குள் எல்லாரும் ஒன்றுதான். வசதியான குடும்பத்துப் பட்டதாரி ஒருவர் அந்த இடத்தை நிரப்பினாலே கணக்கு சரியாகிவிடும். ஓரறை வாடகை வீட்டில் வளரும் தமிழ்ப் பெண்ணுக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது.

மூன்றாவது, சட்டம். வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது சொல்லும் பட்டியலில் வயது, பாலினம், சமயம் ஆகியவற்றோடு இனமும் இருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மொழித்திறனும் அதில் இருப்பது. ஏனென்றால் நம்மவர்கள் பெரும்பாலும் முட்டிக்கொள்ளும் சுவர் "மாண்டரின் தெரிந்தவர் தேவை" என்ற ஒரு வரிதான். சீனப் பயணிகளை அழைத்துப்போகும் வழிகாட்டிக்கு அது தேவை, சரி. கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுபவருக்கு எதற்கு? என் உறவுக்காரப் பெண்ணிடம் வெறும் தரவுப் பதிவு வேலைக்கு இதைக் கேட்டார்கள். அதோடு பேச்சு முடிந்தது. சட்டம் நடப்புக்கு வந்தபின், அந்த மொழி வேலைக்கு உண்மையிலேயே தேவை என்று முதலாளி காரணம் காட்ட வேண்டியிருக்கும். தமிழாசிரியருக்குத் தமிழ் கேட்பதும் இதே விதியால்தான் செல்லும்.

இதிலும் ஒரு பெரிய ஓட்டை. 25 ஊழியர்களுக்குக் குறைவான நிறுவனங்களுக்கு முதல் ஐந்தாண்டு விலக்கு. நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் வேலை கிடைக்கும் சிறிய அலுவலகங்கள் அவைதான். இந்த விலக்கைச் சீக்கிரம் எடுக்க வேண்டும். ஐந்தாண்டு என்பது வேலை தேடும் ஒருவருக்கு மிக நீளம்.

ஆக, என் தேர்வு மூன்றாவது வழி; அதோடு முதல் சுற்றில் பெயரையும் படத்தையும் மறைப்பதைச் சேர்த்துக்கொள்வேன். ஒதுக்கீடு வேண்டாம். இப்போதே விண்ணப்பிப்பவர்கள் விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பணிக்கு அந்த மொழி தேவை என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் நியாயமாகப் படாவிட்டால் டஃபெப் என்ற, நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்தது) புகார் கொடுக்கலாம். அதன் வழிகாட்டி நெறிகள் சிறிய நிறுவனங்களுக்கும் பொருந்தும்.