திருமலை நகரின் பழைய தாள்கள்: எந்தக் காப்பகம் எதற்கு உதவும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்ட தாள்களுக்குக் கணக்கில்லை. நகரத்தைப் பற்றி எழுதப்பட்டவை கொஞ்சம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் என்று வந்தவர்கள் எல்லோரும் நங்கூரமிட எத்தனை பாகம் ஆழம், கோட்டைக்கு எத்தனை பீரங்கி என்று எழுதிவைத்தார்கள். பெருந்தெருவில் யார் கடை போட்டிருந்தார், உவர்மலைச் சரிவில் எந்த வளவு யாருடையது என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டாத விசயம். ஆகவே காப்பகத்தின் பருமனை வைத்து அதை மதிப்பிட்டுப் பயனில்லை. நகரத்துக்காரர் ஒருவர் தன் தெருவையும் கோயிலையும் பள்ளியையும் அங்கே தேடினால் எவ்வளவு அகப்படும் என்பதே இந்த மதிப்பீட்டின் அளவுகோல். அப்படிப் பார்த்தால் ஹேக்கும் லண்டனும் பின்னுக்குப் போகின்றன, ஊரில் இருக்கும் காணிப் பதிவகம் முன்னுக்கு வருகிறது.

வீட்டிலிருந்தே தொடங்கக்கூடியது நூலகம் என்ற மின்நூலக இணையத்தளம். 2005இல் தொடங்கித் தன்னார்வலர்களால் வளர்ந்தது; பார்க்கப் பணமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். அரச காப்பகம் எதுவும் சேர்க்காத வகைத் தாள்கள் இங்கே உண்டு: கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், பிரதேச சாகித்திய விழா மலர், ஒருவர் இறந்து 31ஆம் நாளில் கையில் தருகிற, கல்வெட்டு என்று நாம் சொல்லும் நினைவுப் புத்தகம். நகர வரலாற்றுக்கு இந்தக் கல்வெட்டுகள் தங்கம். வம்சாவளி, பிறந்த ஊர், படித்த பள்ளி, செய்த தொழில், தர்மகர்த்தாவாக இருந்த கோயில் எல்லாம் ஒரே புத்தகத்தில் வரும். ஆனால் புகழுரைப் பகுதியை ஆதாரமாக எடுக்கக்கூடாது. வம்சாவளியிலும் ஆண்டுகள் நினைவிலிருந்து எழுதப்பட்டவையாக இருக்கும், இன்னொரு தாளோடு ஒப்பிடாமல் எடுக்கவேண்டாம்.

நூலகத்தின் குறை தேடலில் இருக்கிறது. பெரும்பாலும் தலைப்பும் ஆசிரியரும்தான் அகப்படும். ஸ்கான் செய்த பக்கத்துக்குள் இருக்கிற பெயர் அகப்படாது. ஊர்ப் பெயரையே திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை, திருமலை, கோணமலை என்று ஐந்து விதமாக இட்டுப் பார்க்க வேண்டும். கிடைத்த ஒவ்வொன்றின் நூலக எண்ணையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். மலர்களின் தலைப்புகள் ஒன்றுபோலவே இருக்கும், பிறகு எண் இல்லாமல் திரும்பிப் பிடிப்பது கஷ்டம்.

அடுத்தது காணிப் பதிவகம். வரலாற்றுக்காரர் அதிகம் எட்டிப்பார்க்காத இடம். கையில் ஒரு பழைய உறுதி (காணி உரிமைப் பத்திரம்) இருந்தால் அதில் பதிவு முத்திரைக்குப் பக்கத்தில் வொலியம் (பதிவேடு) இலக்கமும் ஃபோலியோ (தாள்) இலக்கமும் இருக்கும். அதைக் கொடுத்துத் தாளின் பிரதி எடுக்கலாம். ஒரு தாள் நிரம்பியதும் கணக்கு வேறொரு வொலியத்துக்குப் போகும். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்ற குறிப்பு தாளின் மேலும் கீழும் இருக்கும். பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். கடைசித் தாளை மட்டும் எடுத்துவிட்டு ‘இதற்கு முன் ஒன்றுமில்லை’ என்று திரும்புகிறார்கள். மேற்குறிப்பைப் பிடித்துப் பின்னோக்கி ஒவ்வொரு தாளாகக் கேட்டுக்கொண்டு போனால்தான் சங்கிலி நீளும்.

உறுதியில் நகர வரலாறு இருப்பது எல்லை விபரத்தில். ‘கிழக்கு இன்னாரின் மனைவி வளவு, மேற்கு வீதி, வடக்கு கோயில் காணி, தெற்கு ஒழுங்கை’ என்ற நாலு வரியில் அந்த வருடத்து அயலட்டம் முழுதும் நிற்கிறது. ஒரே வீதியின் ஐந்தாறு உறுதிகளை அருகருகே வைத்தால், இல்லாமற்போன ஒழுங்கையும் மூடப்பட்ட கிணறும் வெளியே வரும். பரப்பளவை ஒப்பிடும்போது 1 ஏக்கர் 4 ரூட், 160 பேர்ச் என்ற கணக்கு போதும். 1 பேர்ச் சுமார் 25.3 சதுர மீற்றர். பதிவகத்தில் தாள் கிழிந்திருந்தால் அதோடு கைவிட வேண்டியதில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசின் மூலப்பிரதி தனியாகவும் பதிவகத்துக்குப் போன இரண்டாம் பிரதி தனியாகவும் இருப்பது 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுச் சட்டம் வைத்த ஒழுங்கு. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் இருந்தால் மற்றதைத் தேடலாம்.

பள்ளிக்கூடங்களில் இரண்டு புத்தகங்களைக் கேளுங்கள்: மாணவர் சேர்ந்ததையும் விலகியதையும் பதியும் சேர்வு இடாப்பு, பள்ளியின் நிகழ்வுகளைக் குறிக்கும் சம்பவத் திரட்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதைப் பற்றி லண்டனில் கட்டுக்கட்டாகக் கோவைகள் உண்டு. கப்பல், எண்ணெய்த் தாங்கி, விமானத்தளம் எல்லாம் வரும். ஊர்ச்சனம் எங்கே போனது என்று அறிய வேண்டுமானால் சேர்வு இடாப்பின் ‘விலகிய திகதி’ நிரலைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஏப்ரலிலும் மேயிலும் எத்தனை பெயருக்கு நேரே திகதி விழுந்திருக்கிறது, எத்தனை பேர் திரும்பச் சேர்ந்தார்கள் என்று எண்ணலாம். 1983 கலவரத்துக்கும் 2004 டிசம்பர் 26 சுனாமிக்கும் இதே வழிதான். அதிபரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். இடாப்பில் உயிரோடு இருப்பவர்களின் விபரம் இருப்பதால் பெயர்களை வெளியிடாமல் எண்ணிக்கையை மட்டும் எடுப்பது முறை.

கத்தோலிக்கத் தேவாலய இடாப்புகளுக்கு ஒரு எச்சரிக்கை. திருகோணமலை மறைமாவட்டம் உருவானது 1893இல். அதற்கு முன் இந்தப் பகுதி யாழ்ப்பாணத்தின் கீழ் இருந்தது. ஆகவே பங்கின் ஞானஸ்நான இடாப்பு இங்கே இருந்தாலும் ஆயருக்கு எழுதிய கடிதங்களை அங்கேதான் தேடவேண்டும். பதிவுகள் இலத்தீனில் இருக்கும், ஆனால் வாசகம் ஒன்றே திரும்பத் திரும்ப வருவதால் பத்துப் பதிவு படித்தால் பழகிவிடும். ஞானத்தாய் தகப்பன் பெயர்களை விட்டுவிடாதீர்கள், உறவு வலை அதில்தான் தெரியும். மெதடிஸ்த மிசனின் கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவை 1814இல் மிசனரிமார் இலங்கைக்கு வந்ததிலிருந்து தொடங்குகின்றன.

உள்ளூராட்சிப் பதிவுகள்தான் மிகப் பெரிய ஓட்டை. கூட்ட அறிக்கை, வரி மதிப்பீட்டு இடாப்பு, கட்டட வரைபட அனுமதி, சந்தைக் குத்தகை: ஒரு நகரத்தின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. உப்புக்காற்றும் கறையானும் யுத்தமும் போக மிஞ்சியதற்கு அட்டவணையும் கிடையாது என்று எண்ணிக்கொண்டே போங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் ‘பழசு ஒன்றும் இல்லை’ என்ற பதில் எந்த அலுவலகத்திலும் சுலபமாக வரும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேள்வியைக் குறுக்குவது முக்கியம். ‘நகர வரலாறு தொடர்பான ஆவணங்கள்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ‘இன்ன வீதிக்கான இன்ன வருட வரி மதிப்பீட்டு இடாப்பு இருக்கிறதா, இருந்தால் பார்வையிட அனுமதி’ என்று கேட்டால் இருக்கிறதா இல்லையா என்பதாவது எழுத்தில் கிடைக்கும். இன்னொன்று, சபையின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது: 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் லோக்கல் போர்ட், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் நகர மாவட்ட சபை, 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கச் சட்டத்தின் நகரசபை. ஒரே வடிகால் பற்றிய கடிதம் மூன்று பெயரிலும் கிடக்கலாம்.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்கு இரவு ரயிலில் போய் ஒரே நாளில் திரும்பலாம் என்று நினைக்கவேண்டாம். கோவை கேட்டு, அது வந்து, பார்த்து, அடுத்ததைக் கேட்பதிலேயே முதல் நாள் கரையும். இரண்டு நாளாவது ஒதுக்குங்கள், போகுமுன் வாசிப்பறை நேரத்தையும் படமெடுக்கும் விதியையும் தொலைபேசியில் கேளுங்கள், அடையாள அட்டையும் ஆய்வின் நோக்கத்தைச் சொல்லும் கடிதமும் எடுத்துப்போங்கள். பென்சில் மட்டும்.

அங்கே சேகரங்கள் லொட் என்ற இலக்கத்தில் பிரிக்கப்பட்டிருக்கின்றன. லொட் 1 ஒல்லாந்தர் காலம், 1640 முதல் 1796 வரை. அதற்கு யூரியான்ஸ் அம்மையார் தயாரித்து 1943இல் அச்சான விரிவான அட்டவணை இருக்கிறது. அதைப் பார்க்காமல் கோவை கேட்பது கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டில் நடப்பது. நகரத்தைத் தேடுபவருக்கு இதைவிடப் பயன்படுவது பிரித்தானியர் காலத்துக் கச்சேரி (மாவட்ட நிருவாக அலுவலகம்) பதிவுகள், முக்கியமாக உதவி அரசாங்க அதிபரின் நாட்குறிப்பு. கிணற்றுத் தண்ணீர், காய்ச்சல், மதகு, சந்தைத் தகராறு என்று அன்றாடம் வருவது அதில்தான். ஆனால் கிழக்கு மாகாண அரசாங்க அதிபரின் இருக்கை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மட்டக்களப்புக்குப் போய்விட்டது. பிறகு திருகோணமலையிலிருந்து மேலே போன கடிதத்தின் மற்றப் பாதி மட்டக்களப்புக் கச்சேரிக் கோவையில் இருக்கும். இரண்டையும் கேட்காதவருக்கு முறைப்பாடு மட்டும் கிடைக்கும், முடிவு கிடைக்காது.

அச்சான தொடர்களையும் அங்கேயே முடித்துவிடுங்கள்: 1802 மார்ச் 15இல் தொடங்கிய அரச வர்த்தமானி, 1867இலிருந்து வரும் நிருவாக அறிக்கைகள், 1871இலிருந்து வரும் குடிசன மதிப்பீடுகள். குடிசன மதிப்பீட்டில் ஒரு பொறி உண்டு. பழைய அறிக்கைகள் படையினரையும் கப்பலில் இருந்தோரையும் பொதுத் தொகையில் சேர்க்காமல் தனியே காட்டும். மற்ற ஊர்களுக்கு அது பெரிய விசயமில்லை. படைத்தளமான நம் ஊருக்கு அடிக்குறிப்பைப் படிக்காமல் இரண்டு வருடத்தை ஒப்பிட்டால் கணக்கு பிழைக்கும். 2001 கணக்கெடுப்பு இந்தப் பகுதியில் முழுமையாக நடக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

ஹேக்கில் உள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் சேவையில் முதல் தரம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேகரம் 1.04.02 என்ற இலக்கத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது, பெரிய அளவில் தரவிறக்கலாம். குளோபலைஸ் திட்டம் அதில் சுமார் 50 லட்சம் ஸ்கான்களின் கையெழுத்தைக் கணினியால் வாசித்துத் தேடக்கூடியதாக்கியிருக்கிறது. ஊர்ப் பெயரை முழுதாக இடவேண்டாம். எழுத்தர்கள் நடுவில் க ஒலிக்கு மூன்று விதமான எழுத்துகளைப் போட்டிருக்கிறார்கள். முதல் நாலு எழுத்தோடு நட்சத்திரக் குறி இட்டுத் தேடி, வந்ததை வருடத்தால் சுருக்குங்கள். கணினி வாசித்ததை அப்படியே நம்பாமல் ஸ்கானையும் திறந்து பாருங்கள், நீள எஸ் எழுத்தை அது அடிக்கடி எஃப் என்று வாசிக்கும்.

வரைபடங்கள் 4.வெல் (4.VEL) என்ற சேகரத்தில். நகரக் கோட்டையும் ஒஸ்டன்பேர்க் கோட்டையும் குடாவும் அழகாக வரையப்பட்டிருக்கும். ஊர்மனை வெறும் புள்ளிகளாக, சிலவேளை ஒரு சொல்லோடு முடிந்துவிடும். இன்றைய வரைபடத்தோடு பொருத்துமுன் திசைகாட்டியைத் தேடுங்கள், வடக்கு மேலேதான் இருக்கும் என்றில்லை. அளவுகோல் ரைன்லாந்து ரூட் என்ற பழைய ஒல்லாந்த நீள அளவில் இருந்தால் ஒன்று 3.77 மீற்றர்; இது உறுதியில் வரும் பரப்பளவு ரூட் அல்ல. நகரத்துக்கு வெளியே ஆர்வமுள்ளவர்கள் 1786இல் இங்கிருந்த ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் பற்றுகளைச் சுற்றி எழுதிய நாட்குறிப்பைத் தேடலாம். குளமும் வயலும் குடியும் பற்றி அவ்வளவு கவனித்து எழுதியவர்கள் குறைவு.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சி.ஓ. 54 (CO 54) என்ற சேகரத்தில் இலங்கைக் கடிதங்கள், 1798 முதல் 1949 வரை. திகதி தெரியாமல் போனால் மூழ்கிவிடுவீர்கள். முதலில் கொழும்பில் திகதியைப் பிடித்துக்கொண்டு போகவேண்டிய இடம் இது. கடற்படைக்கு ஏ.டி.எம். 127 (ADM 127) என்ற சேகரம். கப்பற்தளம் 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை நகரத்தில் பலருக்கு வேலை கொடுத்தது டொக்யாட் என்ற கப்பல் திருத்துமிடம். ஆனால் அந்தக் கோவைகளில் வேலையாட்கள் தொகையாகத்தான் வருவார்கள், பெயராக வருவது அரிது. வாசிப்பு இலவசம், சொந்தக் கமராவால் படமெடுக்கலாம்.

எங்கே படமெடுத்தாலும் ஒழுங்கு ஒன்றுதான். ஃபிளாஷ் வேண்டாம். முதற் படம் கோவையின் அட்டை, இலக்கம் தெரிய. தாள் இலக்கம் ஓரத்தில் வெட்டுப்படாமல் முழுப் பக்கமும் எடுக்க வேண்டும். வேண்டிய பந்தியை மட்டும் எடுத்தவர் ஆறு மாதத்தில் அது எந்தக் கோவை என்று தெரியாமல் நிற்பார். இரும்பு மை தாளைத் தின்று ஓட்டையாக்கிய பக்கங்களுக்குக் கீழே வெள்ளைத் தாள் ஒன்றைச் செருகக் கேளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பக்கத்து எழுத்து ஓட்டைக்குள்ளால் தெரிந்து வாசிப்பைக் குழப்பும்.

கல்லில் இருப்பதையும் விடவேண்டாம். பிரட்ரிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயலோடு பதிந்திருக்கும் ‘முன்னே குளக்கோட்டன்’ கல்வெட்டு பாதி உடைந்தது. இன்று அச்சில் வரும் முழுப் பாடல், வாய்வழி வந்ததைக் கொண்டு இடைவெளி நிரப்பியது. மேற்கோள் காட்டும்போது கல்லில் உள்ள எழுத்தையும் நிரப்பிய எழுத்தையும் பிரித்துக் காட்டுங்கள். டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த கோடுகள் எழும்பும். உள்ளே படையினர் இருப்பதால் கேட்டுவிட்டு எடுங்கள். சென்ட் ஸ்டீபன்ஸ் இடுகாட்டில், 1852இல் இறந்த கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் உட்பட, ஆங்கிலக் கல்லறைகள் பலவற்றின் வாசகத்தைப் பென்றி லூயிஸ் 1913இல் அச்சிட்டார். கல்லில் அழிந்ததை அதில் வாசிக்கலாம். அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஐரோப்பியருக்கானது. தமிழ்ப் பெயர் உள்ள கல்லுக்குத் தேவாலயத்தின் அடக்க இடாப்பைத்தான் கேட்கவேண்டும்.